கோர்ட் கலையும் வரை

அண்ணனின் கருமாதியன்று பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனபோதுதான் இப்படி ஒன்றை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இலை வரிசையின் ஒரு கோடியில் வல்லக்கோட்டைச் சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தெரிஞ்சேதான் செஞ்சான். நான்தான்னு போய் நின்னான். குடுத்த தண்டனைய வாங்கிக்கினான். அதாம்பா ஆம்பள." நான் அவருடைய டம்ளரை நிரப்பிவிட்டு நாலு இலை தள்ளிப் போனேன். அங்கே, அண்ணனோடு ஒரே ரயிலில் பல வருடம் வேலைக்குப் போய்வந்த துலுக்காணம் அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே, "மாமன் மாட்டிக்கினாரு, இவன் வந்தான். இல்லாங்காட்டி வந்திருப்பானா?" என்றார். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தவர், சட்டென்று, "ரசம் கேட்டேன் தம்பி, தண்ணி இல்ல" என்றார்.

ரசம் யார் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செம்பை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒரே மனிதர், ஒரே காரியம், நாலு இலை தூரத்தில் இரண்டு தீர்ப்பு. கொள்கைக்காகச் சட்டத்தை மீறுகிறவர் தண்டனையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? ஏற்றுக்கொண்டால்தான் அவர் நல்லவரா? வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டவரை எதில் சேர்ப்பது? சட்டக் கல்லூரியில் இதைக் கேட்டால் பரீட்சைக்கு வராது என்பார்கள். எங்கள் வீட்டில் இது அப்போதே ஒன்பது வருடமாக நடந்துகொண்டிருந்த பரீட்சை.

அன்றிலிருந்து இந்த ஒரு வருடமாக நான் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிகிறேன். அண்ணனைக் குறை சொன்னவர்களை மட்டும் அல்ல, புகழ்ந்தவர்களை அதைவிட அதிகமாக. தண்டனையை ஏற்பது பெருமை என்று என்னிடம் சொன்னவர்களில் ஒருவர்கூட எந்தத் தண்டனையும் வாங்கியவர் இல்லை.

அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்காக எழுதிய இதை, அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமா படித்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர். மூன்று இடத்தில் அடித்தார்: ரயில் ஸ்டேஷனின் பெயர், கம்பெனியின் பெயர், தன்னுடைய பெயர். "அண்ணன் பேராவது இருக்கட்டுமே மாமா" என்றேன். "அட்டையில படத்தோட இருக்குது. உள்ள வேற எதுக்குடா?" என்றார். ஆகவே இதில் அண்ணன் அண்ணன்தான், மாமா மாமாதான், ஸ்டேஷன் வெறும் ஸ்டேஷன்தான். நம் ஊர்க்காரர்களுக்கு எல்லாம் தெரியும். வெளியூரிலிருந்து வந்து இந்த மலரை வாங்கிச் செல்கிறவர்களுக்குத் தெரியாவிட்டால் குறையும் இல்லை.

அண்ணன் பிறந்தது ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவே இருக்கும் நம் ஊரில். முருகனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த தலைப்பிள்ளை என்பதால் முதல் மொட்டை வல்லக்கோட்டையில். அப்பா ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்திருந்தார், நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். நிலத்தை அம்மாவும் அவரும் சேர்ந்தே பார்த்தார்கள். பிறகு ஐ.டி.ஐ.யில் டர்னர் வேலை படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் டெம்பரரியாகச் சேர்ந்தார். அந்த 'டெம்பரரி' என்ற வார்த்தை எங்கள் வீட்டில் ஓர் ஆளைப் போலக் குடியிருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டார்கள்: "இன்னும் டெம்பரரிதானா?" கல்யாணத்தன்று கேட்டார்கள். எப்போது பெர்மனென்ட் என்று அம்மா வாராவாரம் கேட்டார். "இந்த வருசம் லிஸ்ட்ல கீது" என்று அண்ணன் வருடாவருடம் சொன்னார்.

விடியும் முன் சைக்கிளில் ஸ்டேஷன். சைக்கிளை டீக்கடையில் போட்டுவிட்டு ரயில். ரயிலில் எட்டுப் பேர் கொண்ட ஒரு செட்டு, எப்போதும் ஒரே பெட்டி. நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து முழங்கால்கள் மேல் துண்டை விரித்தால் அது சீட்டு மேசை. மீதி நாலு பேர் ஆட்டத்தைக் கெடுப்பவர்கள். அண்ணன் கெடுக்கும் கட்சி. ஆடியவர்கள் சொன்னது இது. ஆனால் ஒரு விஷயத்தில் அந்தச் செட்டே அண்ணனைக் கிண்டல் செய்யும். சீசன் டிக்கெட் முடிந்து ஒரு நாள் தாண்டினாலும் அவர் வண்டியில் கால் வைக்க மாட்டார், கவுன்ட்டருக்கு ஓடுவார். "டிக்கெட் செக்கர் வந்துட்டாரு, எழுந்து நில்லுங்கடா" என்பார்களாம். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டாமல் கேட் வரை நடந்து சுற்றி வருகிற ஒரே ஆளும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் ரயிலின் அபாயச் சங்கிலிக்குப் போனது எப்படி?

புதிய அட்டவணையில், சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும் வண்டி நம் ஸ்டேஷனில் நிற்காது என்று ஆகிவிட்டது. அடுத்த பெரிய ஸ்டேஷன் வரைக்கும் போய் இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, பஸ் வராமல், பாதித் தூரம் நடந்து திரும்பி வந்து, சைக்கிளை எடுத்து வீடு சேர வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு வந்து, பிள்ளைகள் எழும் முன் போவார்கள். செட்டில் ஒருவரான ஏகாம்பரம் அண்ணனின் கைக்குழந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தூக்கியதும் யாரோ என்று வீறிட்டு அழுததாம். அதைச் சொல்லும்போது இப்போதும் அவருக்குச் சிரிப்பு வருவதில்லை. மனு கொடுத்தார்கள். "மேல அனுப்பியிருக்கேன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். மறுபடி கொடுத்தார்கள். மேலே அனுப்பியது மேலேயே இருந்தது.

அந்த வண்டியில் ஏற்கெனவே ஒரு பழக்கம் உண்டு. இறங்க வேண்டிய இடம் வரும்போது யாராவது ஒரு பையையோ சோற்றுத் தூக்கையோ அபாயச் சங்கிலியில் கொண்டுபோய் மாட்டுவார்கள். கனம் இழுத்துக்கொள்ளும், வண்டி நிற்கும். கேட்டால், "யாரும் இழுக்கல சார், மாட்ட எடம் இல்ல, மாட்டிட்டாங்க" என்பார்கள். அதற்குள் மாட்டியவர் வயலில் இருப்பார்.

அண்ணன் சொன்ன யோசனை இதுதான்: சங்கிலியில் மாட்டுவோம். ஆனால் ஓட வேண்டாம். எட்டுப் பேரும் இறங்கி நிற்போம். வண்டியின் கார்டு வந்ததும் பெயரைச் சொல்வோம். எழுதிக்கொள்ளட்டும், கோர்ட்டுக்குக் கூப்பிடட்டும், தண்டனை கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். எதற்காக நிறுத்தினோம் என்று அப்போதாவது கேட்பார்கள்.

துலுக்காணம் அண்ணன் அன்றைக்கே மடக்கினாராம். "பேரு சொல்லப் போறோம்னா தூக்கு இன்னாத்துக்குப்பா மாட்டணும்? கையாலயே இழு."

"கையால இழுத்தா ஒருத்தன் இழுத்தது. தூக்கு மாட்டினா எட்டு பேரு இழுத்தது" என்றாராம் அண்ணன்.

இதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. பிறகு சந்தேகமும் வந்தது. தூக்கு எட்டுப் பேருடையது அல்லவே. அதற்குச் சொந்தக்காரர் ஒருவர்தானே?

அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. நான் காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் எட்டாம் வகுப்பில் இருந்தேன். நடந்ததை ஏகாம்பரம் அண்ணன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இன்னா தம்பி கேக்குற? உங்க அண்ணன் தூக்கத்தான் மாட்டினாரு. வண்டி நின்னுச்சு. எறங்கினோம். எட்டு பேரும் வரிசயா நின்னுக்கினு கீறோம். அப்பால கார்டு விசிலு ஊதிக்கினே லைட்டு எடுத்துக்கினு வராரு. அந்த விசிலு ஒரு மாதிரி கீதுப்பா. யாரு மொதல்ல கெளம்பினதுன்னு தெரியல. ஒருத்தன் ஓடினான், எட்டு பேரும் ஓடினோம்."

"அண்ணனுமா?"

"வரப்பு மேல எனக்கு முன்னாடி ஓடினதே அவருதான். நல்லா ஓடுவாருப்பா உங்க அண்ணன்."

ஆக, அண்ணனும் ஓடினார். கட்டுரையில் இது வேண்டாமே என்று அம்மா சொன்னார். வேண்டும் என்று நினைக்கிறேன். ஓடாத அண்ணனைப் பற்றி எழுதினால் அது வேறு வீட்டு அண்ணன்.

ஓடிய அவசரத்தில் தூக்கு சங்கிலியிலேயே தொங்கியது. அண்ணன் கல்யாணத்துக்கு மாமா கொடுத்த எவர்சில்வர் தூக்கு. நம் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்தால் பெயர் வெட்டிக் கொடுப்போம், வாங்குகிறவர் பெயரை அல்ல, கொடுக்கிறவர் பெயரை. எல்லாருக்கும் தெரியும், எந்த வீட்டுப் பரணிலும் அந்த வீட்டுக்காரர் பெயர் இருக்காது, அத்தை மாமன் பெயர்தான் இருக்கும். மாமா ஆசிரியர் என்பதால் பெயரோடு நிறுத்தாமல் படிப்பு, பள்ளிக்கூடம், ஊர் எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக வெட்டச் சொல்லியிருந்தார். விலாசம் தேடுகிற வேலையே போலீஸுக்கு இல்லாமல் போனது. தூக்கில் இருப்பது சொந்தக்காரர் பெயர் என்று முடிவு கட்டிக்கொண்டு மறுநாள் காலையில் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்த ரயிலில் ஏறியே இராத மாமாவை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்களாம். போலீஸைப் பார்த்ததும் நிறுத்தவில்லை, இன்னும் சத்தமாகச் சொன்னார்களாம்.

"இது உங்க பேருதானே?"

"ஆமாம்."

"உங்க தூக்குதானே?"

"இல்ல. அன்பளிப்பாக் குடுத்தது."

"யாருக்கு?"

"கல்யாணத்துக்குக் கல்யாணம் குடுக்கிறேன். எவ்வளவோ பேருக்குக் குடுத்திருப்பேன்."

சொந்தக்காரரைச் சொல்லும்வரை உட்காருங்கள் என்று போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அரசாங்க வேலையில் இருப்பவர். மேலதிகாரிக்கு ஒரு வரி போனால் போதும். காலையிலிருந்து இரவு வரை மாமா பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்கவில்லை, யார் பெயரையும் சொல்லவில்லை. அண்ணன் அன்றைக்கு வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார். இரவு சைக்கிள் எடுக்க டீக்கடைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சைக்கிளை எடுக்காமலே, எண்ணெய்க் கறையோடு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"தூக்கு என்னுது சார். மாட்டினது நான்."

"கூட யாரு?"

"நான் மட்டும்தான்."

மாமா பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "என் மொகத்தப் பாக்கவே இல்லடா அவன். செவுத்தப் பாத்துச் சொன்னான்" என்று என்னிடம் சொன்னார். பிறகு, "எழுதுறது எழுது. என்னைக் காப்பாத்த வந்தான்னு மட்டும் எழுதாத. அவன் வராம இருந்திருந்தாலும் நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்" என்றார். மாமா சொன்னதை நம்புகிறேன். நம்பித்தான் ஆக வேண்டும் என்பதால் நம்புகிறேனோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. மாமா கோபித்துக்கொள்ள மாட்டார், படித்தாயிற்று.

துலுக்காணம் அண்ணனையும் விடவில்லை. வீடு தேடிப் போனேன். "நான் கெட்டவன்னே வெச்சிக்கோ தம்பி," என்றார். "ஆனா ஓடினதுக்கும் போய் நின்னதுக்கும் நடுவுல ஒரு ராத்திரி இருந்துச்சில்ல? அந்த ராத்திரி இன்னாத்துக்கு வூட்ல படுத்தாரு?"

நியாயமான கேள்வி. அண்ணியிடம் போனேன். அன்று இரவு அண்ணன் தூக்கம் வராமல் புரண்டார் என்று அண்ணி சொல்வார், அதை அப்படியே எழுதித் துலுக்காணம் அண்ணன் வாயை அடைக்கலாம் என்று இருந்தேன்.

"நல்லா கொறட்ட வுட்டாரு" என்றார் அண்ணி.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான். எதற்காகச் செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டவரிடம் கேட்க வேண்டிய அவசியம் இல்லை, அடுத்த வழக்கு காத்திருக்கிறது. எட்டுப் பேர், நிற்காத வண்டி, அழுத குழந்தை, மேலே போன மனுக்கள், எதுவும் அந்த அறைக்குள் வரவே இல்லை. ஒரு சின்ன அபராதமும் கோர்ட் கலையும் வரை காவலும் என்று தீர்ப்பு. அதாவது, அன்று கோர்ட் முடிகிற வரைக்கும் அங்கேயே ஓரமாக இருக்க வேண்டும். நீதிபதி எழுந்து போனதும் வீட்டுக்குப் போகலாம். நம் சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "ஃபேனுக்கு அடியில பெஞ்சில குந்திக்கினு இருந்தா அது தண்டனையா? அப்படின்னா நான் தெனம் வாங்குறேன்" என்று ஒரு பெரியப்பா சொன்னாராம்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த வருடம் லிஸ்டில் அண்ணன் பெயர் நிஜமாகவே இருந்தது. பெர்மனென்ட் ஆக்கும் முன் கம்பெனியில் போலீஸ் விசாரணைக்கு அனுப்பினார்கள். 'தண்டனை பெற்றவர்' என்று பதில் வந்தது. கோர்ட் கலைந்ததோடு கோர்ட் கொடுத்த தண்டனை முடிந்துவிட்டது. கம்பெனி கொடுத்தது முடியவில்லை. டெம்பரரியாகவும் வைத்துக்கொள்ளவில்லை.

என் சந்தேகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. தண்டனையை ஏற்க வேண்டும் என்கிறார்களே, எந்தத் தண்டனையை? சட்டப் புத்தகத்தில் இருப்பதை அண்ணன் ஏற்றார். புத்தகத்தில் இல்லாததையும் யாரோ எடுத்து நீட்டினார்கள், அதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டார். ஒன்றுக்குத் தலை குனிந்த பழக்கத்தில் இன்னொன்றுக்கும் குனிந்துவிட்டாரோ? அண்ணியிடம் ஒரு நாள், கொஞ்சம் பெருமையாகவே, "அண்ணன் தண்டனையை ஏத்துக்கிட்டாரு அண்ணி" என்று ஆரம்பித்தேன்.

"அவரு கோர்ட்டுக்குப் போனாரு, வந்தாரு. அதுக்கப்புறம் கம்பெனிக்குப் போகல. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான் தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மாமாவுடன் இதைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டேன். "சட்டத்த மீறினவன் தண்டனைய வாங்கினாத்தான் அவனுக்குச் சட்டத்து மேல மரியாதை இருக்குதுன்னு அர்த்தம். இல்லேன்னா அவனுக்கும் திருடனுக்கும் என்னடா வித்தியாசம்?" என்றார்.

"திருடனும்தான் வாங்குறான் மாமா."

"வாங்குறான். ஒத்துக்கறதில்ல."

"அண்ணன் எதை ஒத்துக்கிட்டாரு? வண்டிய நிறுத்தினதையா, நிறுத்தினது தப்புன்னா?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வக்கீலு மாதிரி பேசாத."

"அதுக்குத்தான் மாமா படிக்க வெச்சீங்க."

மாமா சிரித்துவிட்டார்.

ஆனால் என்னை உலுக்கியது ஏகாம்பரம் அண்ணன் சொன்னதுதான். கோர்ட் நாளன்று அவர் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். நானும்தான் என்று சொல்லிவிடலாம் என்று வாசல் வரைக்கும் வந்தாராம். உள்ளேயிருந்து அண்ணன் பார்த்திருக்கிறார். போ போ என்று கையால் விரட்டினாராம், கோழியை விரட்டுவது போல.

"நான் போய்ட்டேன் தம்பி. அவரு போன்னாரு, எனக்கும் போனா தேவலன்னு இருந்துச்சு. எங்க ஏழு பேரயும் காப்பாத்தினாருன்னு ஊரே சொல்லுது. காப்பாத்தலப்பா, சாவடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் நாங்க ஒரே பெட்டியில ஏறுறதே வுட்டுட்டோம். யாரப் பாத்தாலும் இவன்தான் மொதல்ல ஓடினவனோன்னு தோணும். எவனோ போலீசுக்குச் சொல்லிக் குடுத்தான்னு கூடப் பேச்சு. அதான் தூக்கிலயே எழுதியிருந்துச்சே, எவன் சொல்லணும்? ஆனா அப்படித்தான் நெனச்சோம். அப்புறம் சீட்டு ஏது, துண்டு ஏது?"

'நான் மட்டும்தான்' என்ற அந்தச் சொல்லை நான் வெகுநாள் தியாகம் என்று நினைத்திருந்தேன். இப்போது அது கொஞ்சம் பேராசை மாதிரியும் தெரிகிறது. எட்டுப் பேர் சேர்ந்து செய்ததற்கு எட்டுப் பங்கு தண்டனை. எல்லாவற்றையும் ஒருவரே எடுத்துக்கொண்டால் மற்ற ஏழு பேருக்கு என்ன மிச்சம்? ஓடியது மட்டும்தான். கோர்ட்டுக்கும் அது பொய். நடந்தது எட்டுப் பேர் காரியம், பதிவானது ஒருவன் குறும்பு. அண்ணன் மேல் இருக்கிற அன்பில் குறைவில்லாமல்தான் இதை எழுதுகிறேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன், அவரும் துடைப்பத்தைத் தேடியிருப்பார்.

அடுத்த அட்டவணையில் வண்டி மறுபடி நின்றது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. எங்களால்தான் என்று இரண்டு பேர் மாலை போட்டுக்கொண்டார்கள். இருவரும் அந்த வண்டியில் போகிறவர்கள் இல்லை. அண்ணன் ஒரு நாளும் அதில் திரும்பி வரவில்லை. போய்வர வேலை இல்லை.

ஒரகடம் கூட்டுரோட்டில் பம்ப்செட் ரிப்பேர்க் கடை போட்டார். கிணற்றுக்குள் இறங்கச் சலிக்காதவர். பயிர் காயுது என்று ஆள் வந்தால் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டுப் போவார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்து பார்வை திரும்ப வைத்தார். பிள்ளைகள் இருவரையும் ஒரு நாள்கூட கை நீட்டி அடித்ததில்லை. என்னைச் சட்டம் படிக்க வைத்தார். கோர்ட்டில் பட்ட அவமானத்தால் தம்பியை வக்கீலாக்கினார் என்று பலர் கதை கட்டுகிறார்கள். அதையும் நான் நம்பவில்லை. மார்க் வந்தது, சேர்த்தார். அவர் அப்படித்தான்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கி, செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒரு நாள் நானும் அவரும் மட்டும் இருந்தபோது கேட்டேன்: "அண்ணே, மாமா மாட்டாம இருந்திருந்தா போயிருப்பியா?"

"இன்னாடா, இப்பவே குறுக்கு விசாரணையா? ஃபீஸ் யாரு குடுக்கறது?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது பதிலா, மறுப்பா, வலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த வாரம் அண்ணன் இல்லை.

அந்த நாட்களில் கூட நின்ற அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்ட வார்டு நர்ஸம்மாக்கள், ரத்தம் கொடுத்த பிள்ளைப்பாக்கம் பையன்கள், வண்டி கட்டி வந்து உடலை ஊர் சேர்த்தவர்கள், மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்கள், அண்ணனைத் தூக்கிப் போன தோள்கள். அந்தத் தோள்களில் ரயில் செட்டின் ஏழு பேருடையதும் உண்டு. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து நடந்தது அன்றைக்குத்தான். மாமாவுக்குத் தனியாக நன்றி சொன்னால் அடித்துவிடுவார், சொல்லாமல் விடுகிறேன். எங்கள் எல்லாரையும் இன்னும் கட்டி மேய்க்கிற அண்ணிக்கு நன்றி போதாது.

இனி நடக்கப்போவதையும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நம் ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் சைக்கிள் பாதையின் குறுக்கே, நிலத்தை வாங்கிய ஒரு கம்பெனி முள்கம்பி கட்டியிருப்பதை எல்லாரும் அறிவீர்கள். ஷிப்டுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகிறார்கள். மனுக்கள் போயிருக்கின்றன. வரும் திங்கட்கிழமை காலை, நன்றாக விடிந்த பிறகு, அந்தக் கம்பிகளை வெட்டப் போகிறோம். யார் யார் என்று போலீஸுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறோம். வெட்டிய பிறகு அங்கேயே உட்கார்ந்திருப்போம்.

கோர்ட்டில் செய்தாயா என்றால், செய்தேன் என்பேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றால், இல்லை, விசாரியுங்கள் என்பேன். விசாரித்தால்தான் அந்தப் பாதையில் எத்தனை தலைமுறை நடந்தது என்பது அந்த அறையின் காதில் விழும். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் தண்டனை என்றால் வாங்கிக்கொள்வேன், ஆனால் அதற்காக யாரும் என்னைக் கொண்டாட வேண்டாம். இதனால் எனக்குக் கறுப்புக் கோட்டு கிடைக்காமல் போகலாம் என்று மாமா எச்சரிக்கிறார். போகலாம். அது கோர்ட் கொடுக்கிற தண்டனை இல்லை, அதனால் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் வர மாட்டேன், கடைசிப் படி வரைக்கும் போய்ச் சண்டை போடுவேன். கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன்: என்ன போகும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள், தெரியாமல் வராதீர்கள்.

முதலில் வெட்டுவது யார் என்று தகராறு வந்தது. ஏகாம்பரம் அண்ணன் ரிட்டையர் ஆகச் சில வருடம்தான் இருக்கிறது. "கட்டிங் பிளேயர் என்னுது, எம்பேர மொதல்ல எழுது" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். வேடிக்கை பார்க்கத்தான் வருவேன் என்ற துலுக்காணம் அண்ணன், "பேரு எழுதினா பெருசா எழுது, அப்பால நான் இல்லன்னு சொல்லக் கூடாது பாரு" என்கிறார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். யாரும் நான் மட்டும்தான் என்று சொல்ல முடியாதபடி, ஆளுக்கு ஒரு கம்பி.

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேலியில் ஐந்து கம்பி ஓடுகிறது. மேல் கம்பி ஏகாம்பரம் அண்ணனுக்கு. அதற்கடுத்தது துலுக்காணம் அண்ணனுக்கு. அடிக்கம்பி தனக்குத்தான் என்று அண்ணி சொல்லிவிட்டார். குனிந்து வெட்ட உங்களால் எல்லாம் ஆகாது என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மேலே இருக்கிற கம்பி என்னுடையது.

நடுக்கம்பிக்கு இன்னும் ஆள் வரவில்லை.